குறிப்பு: நம்ம சாமி பேரு

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர்களுக்குப் பல் முளைத்தது ஓர் ஆடி மாதத்தில், காற்று தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக் கூடம்வரை கொட்டிவிட்டுப் போகிற நாட்களில். முதலில் முளைத்தது என் வீட்டில், முதலில் கடிபட்டவர் என் வீட்டுக்காரர் கொம்பையா. நான் அடுப்படியில் சாளைமீன் அலசிக்கொண்டிருந்தேன், மேசைப் பக்கமிருந்து நண்டுக்கால் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, போய்ப் பார்த்தால் இவர் தன் வலது ஆள்காட்டி விரல் இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே அரிசி அரிசியாய் இரண்டு வரிசைப் பல், பல்லெல்லாம் ரத்தம், திரையில் என் மெயில் பாதி திறந்து நிற்கிறது. என் அம்மாவுக்கு என் மாமியாரைப் பற்றி நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்கப் போயிருக்கிறார்.

"ஏட்டி, கடிச்சிட்டு," என்றார்.

"அது யாரு மெயிலு?" என்று கேட்டேன். மீன் கையோடு துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன்.

எங்கள் தெரு முழுக்க ஒரே வம்சம். எல்லா ஆண்களும் வேலிகாத்த சாஸ்தா கோயில் பங்காளிகள், பங்குனி உத்திரத்துக்கு ஒரே வேனில் போய் ஒரே பானைப் பொங்கலைத் தின்கிறவர்கள். பகலில் கதவைச் சாத்துகிற வழக்கம் இங்கே கிடையாது, சாத்தினால் "உள்ள என்னட்டி பண்ணுத?" என்று மூன்று வீட்டிலிருந்து குரல் வரும். கதவைச் சாத்துகிறவள் எதையோ மறைக்கிறாள் என்பது இங்கே சட்டம். இப்படிப்பட்ட தெருவுக்குப் பிள்ளைகள் படிப்புக்கு என்று வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் விற்றவன் பங்காளிகளில் ஒருவனான கணபதிராமன், பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு, சாஸ்தா பேர், அதோடு கடைசியாகக் கோயில் கொடைத் திருவிழா நடந்த வருஷம்.

"சாமி பேர வச்சா மறக்காது பாத்துக்கிடுங்க. மறந்தாலும் பக்கத்து வீட்ல கேட்டுக்கிடலாம்லா," என்றான்.

ஊருக்கெல்லாம் ஒரே சாவி அடித்துக் கொடுத்தவனைக் கெட்டிக்காரன் என்று மெச்சிய தெரு உலகத்திலேயே எங்கள் தெருவாகத்தான் இருக்கும்.

அந்தச் சாவியால் செத்தவள் வள்ளிமயில். பங்காளிகளில் மூத்தவரான, தெருவே பெரியப்பா என்று கூப்பிடுகிற பலவேசத்தின் ஒரே மகள். எங்கள் ஆட்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத தெருவைச் சேர்ந்த ஒரு பையனோடு கோயம்புத்தூருக்குப் போனாள், போனவள் அம்மாவுக்கு மெயில் எழுதினாள், எழுதியதைக் கணபதி தன் கடையில் உட்கார்ந்தபடியே சாஸ்தா பேரை அடித்துத் திறந்து படித்துவிட்டான், மெயிலில் விலாசம் இருந்தது. பெரியப்பா போனில் அழுதார். கல்யாணத்தை நாமே முடித்து வைப்போம் என்று அழுதார். அப்பா அழுது கேட்டிராத பிள்ளை அதை நம்பி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வேனில் ஏறி வந்தாள். கோயிலின் முன்னடியில் காவல் நிற்கிற மாடன் சாமிக்கு முன்னால் நட்டிருக்கும் அரிவாளைப் பிடுங்கி, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வாழைத்தோப்பில் வைத்து வெட்டினார்கள். அதற்கும் இங்கே சட்டம் உண்டு. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது, வேற்று அரிவாள் கூடாது, பங்காளி கை மாடன் அரிவாளைப் பிடித்தால்தான் மானம் திரும்பும். வேலியே பயிரை மேய்ந்த கதையைக் கேட்டிருக்கிறோம், எங்கள் வேலி பயிரை வெட்டியே போட்டது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள், வெட்டுப்பட்டுச் செத்தவள் என்றால் கேட்கவே வேண்டாம், அவள் சாமியேதான். பெற்றவளான பெரியம்மா ஒரு பாவாடையும் நாலு கண்ணாடி வளையலும் ஓலைப்பெட்டியில் போட்டு வீட்டு மூலையில் வைத்தாள். பெரியப்பா பெட்டியை மிதித்து நசுக்கி, பெரியம்மாவின் முன்பல் இரண்டை உடைத்து, இந்தத் தெருவில் இனிமேல் அந்தப் பேரை எவனும் எவளும் சொல்லக் கூடாது என்றார். சொல்லவில்லை. பெண்களிடம் இருந்த போன்களைப் பிடுங்கி ஆண்கள் பெட்டியில் பூட்டினார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதால் கம்ப்யூட்டர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அடுத்து வந்த ஆடியில்தான் பல் முளைத்தது.

ஏன் முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. வேப்பமரத்தில் பால் வடிந்தால் கேட்பார்களா, மஞ்சள் துணி கட்டுவார்கள், அவ்வளவுதான். எதைக் கடிக்கும், எதைக் கடிக்காது என்பதைத்தான் ஆளாளுக்கு விரல் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். தன் சரக்கைத் தானே திறந்தால் கடிக்காது. பிள்ளைகள் தங்கள் பாடத்தைத் திறந்தால் கடிக்காது. அடுத்தவர் சரக்கைத் திறக்கிற கையை, பாஸ்வேர்டு சரியோ தப்போ, ஒரு தடவைக்கு ஒரு விரல் என்று கடித்து விழுங்கிவிடும். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் விரலை வாங்கிக்கொண்டு திறந்தும் விடும், அதில் மட்டும் நேர்மை தவறாது. பென்சிலால் தட்டிப் பார்த்தார்கள், பென்சிலை மென்று துப்பியது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கப் போன ஒருவர் பொட்டு வைத்த கையோடு பொண்டாட்டியின் மெயிலையும் எட்டிப் பார்க்க, சந்தனத்தோடு சேர்த்து மோதிர விரலைத் தின்றது, மோதிரம் மறுநாள் தனியாக வெளியே வந்தது.

தெருவுக்கு இதுவும் பழகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி ஆனது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "யாரோடதத் தொறந்தீங்க?" என்று மட்டும் கேட்டு ஊசி போட்டார். ரேஷன் கடைக் கைரேகை மெஷின் ஆண்களை ஏற்காமல் கீச்சிட்டதால் கார்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனோம், போன இடத்தில் நாலு கதை பேசினோம். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் கையை விரிக்கச் சொன்னார்கள். தேர்தலில் மை வைக்கிற வாத்தியார், இடது ஆள்காட்டி விரலும் போயிருந்த கொம்பையாவின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நடுவிரலில் வைத்து அனுப்பினார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தூசி தட்டும்போது எழுத்துக் கட்டைகளுக்கு அடியிலிருந்து நகங்கள் உதிரும், அதை முறத்தில் வாரிக் குப்பையில் போடுவோம். வலிக்குமே என்று எனக்கு இரக்கம் வந்ததில்லை. வள்ளிமயிலுக்கு வலித்திருக்கும்.

ஆளுக்கு ஒன்றிரண்டு விரல் போனதும் ஆண்களுக்குப் புத்தி வந்து அடங்கிவிட்டார்கள். பெண்கள் ஆளுக்கொரு பாஸ்வேர்டாக மாற்றிக்கொண்டோம். கதவு திறந்தே கிடக்கிற வீட்டில் எங்களுக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்தது. மிச்ச காலம் இப்படியே போயிருக்கும், தை மாதத்தில் சுபாஷிணி போகாமல் இருந்திருந்தால்.

சுபாஷிணி கணபதிராமனின் தங்கை. காலையில் பால் வாங்கப் போனவள் பால் தூக்கைத் தெருமுனைச் சாஸ்தா கோயில் ஆர்ச்சில் தொங்கவிட்டுவிட்டு, கதிரவன் என்கிற பையனோடு போய்விட்டாள், அவனும் அந்தத் தண்ணீர் குடிக்காத தெருதான். எங்கே போனாள் என்பது தெருவில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கணபதியின் பெண்டாட்டி செண்பகவல்லி, சுபாஷிணியைப் பத்து வயதிலிருந்து தலை சீவி வளர்த்த மயினி. அன்று மத்தியானம் கணபதி ஈரத்துண்டை முறுக்கிக்கொண்டு அவளை முற்றத்தில் போட்டு அடித்தான். கதவு திறந்தே இருந்தது, தெருவே பார்த்தது, எவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் நாலு பெண்கள் உள்ளே ஓடிப் போய்க் குறுக்கே விழுந்தோம், எங்களுக்கும் விழுந்தது.

"எங்க இருக்கா சொல்லுட்டி."

"என் வாயில இருந்து வராது. கம்ப்யூட்டர்ல இருக்கு, தொறந்து பாருங்க," என்றாள் செண்பகம், உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிய.

அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேசை முன்னால் உட்காரவைத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டவைத்தான். அது அவள் கையை ஒன்றும் செய்யவில்லை. அவள் கையைப் பிடித்திருந்த கையில்தான், முதல் எழுத்துக்கே, ஒரு விரலைக் கடித்தது. கணபதி அலறிக்கொண்டு ஸ்குரூடிரைவரை எடுத்துப் பெட்டியைக் கழற்றப் போனான், ஸ்குரூவும் போயிற்று, கட்டைவிரலும் போயிற்று. அதற்குப் பிறகு பலவேசம் பெரியப்பா வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தகப்பன் இல்லாத குடும்பத்துக்குத் தகப்பன் ஸ்தானத்தில் வந்திருக்கிறாராம்.

"வெளியில கொண்டு போயித் தொறந்தா என்னல?" என்று கேட்டார்.

"வெளியாளு பாத்துருவான் பெரியப்பா. நம்ம வீட்டு விசயம்லா," என்றான் கணபதி.

அடுத்த வீட்டு மெயிலையெல்லாம் படித்தவனுக்குத் தன் வீட்டு விஷயம் அந்தரங்கம் ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, கன்னம் வீங்கியிருந்ததால் சிரிக்க முடியவில்லை.

பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்துக்குக் கீழே செண்பகம் குறிப்பு ஒன்று எழுதி வைத்திருந்தாள். மறந்துபோகிறவர்களுக்காக வைக்கிற ஒற்றை வரி. 'நம்ம சாமி பேரு' என்று இருந்தது.

பெரியப்பா அதைப் படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். கல்யாணம் ஆகி வந்த அன்றைக்கே ஒரு பெண்ணுக்கு இந்தத் தெருவில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அதுதான். பிறந்த வீட்டை 'எங்க வீடு' என்று சொல்லக் கூடாது, 'நம்ம' என்று சொன்னால் அது புருஷன் வீடு, புருஷன் குலம், புருஷன் சாமி. நம்ம சாமி என்றால் வேலிகாத்த சாஸ்தா, அதில் என்ன சந்தேகம்? கூட எந்த வருஷம் என்பது மட்டும்தான் தெரிய வேண்டும்.

"ஆளுக்கொரு விரல் கொடுத்தா முடிஞ்சிரும்ல," என்றார் பெரியப்பா. "விரல் போனாப் போவுது. மானம் போவலாமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு கொடை வருஷத்துக்கும் ஒரு விரல். இடதுகைச் சுண்டுவிரலிலிருந்து தொடங்குவது என்று முறை வைத்துக்கொண்டார்கள், சோறு தின்கிற கையைக் கடைசிக்கு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்கு. வாசலில் செருப்பு வரிசையாகக் கிடக்கும், உள்ளே நண்டுக்கால் உடைகிற சத்தம், பிறகு ஓர் அலறல், பிறகு அடுத்த ஆள். கோயில் பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். சாஸ்தா பேரை முன்னால் போட்டுப் பார்த்தார்கள், பின்னால் போட்டுப் பார்த்தார்கள், ஸ்ரீ சேர்த்துப் பார்த்தார்கள். பின்வாங்கியவனைப் பொட்டை என்றார்கள், அதனால் எவனும் பின்வாங்கவில்லை. துபாயில் இருக்கிற ஒருவன் மட்டும் லீவு கிடைக்கவில்லை என்றுவிட்டான், பிழைத்தான். என் வீட்டுக்காரரும் நின்றார். "போவாதிய," என்றேன். "பங்காளிப் பழக்கம் விட்டுப் போயிருமே," என்றார். போய் வந்த கையைக் கழுவிக் கட்டுப் போட்டேன், எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான் வந்தது.

சாஸ்தா முடிந்ததும் செண்பகத்தின் பிறந்த வீட்டுச் சாமியைப் பிடித்தார்கள். அவளைக் கட்டிய இத்தனை வருஷத்தில் அது எந்தச் சாமி என்று கணபதிக்குத் தெரியவில்லை, பழைய கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்துத் தலைப்பில் போட்டிருந்த அம்மன் பேரைக் கண்டுபிடித்தான். அதற்கும் விரல்கள் போயின. பிறகு மாடன், பேச்சி, இசக்கி, மலைமேல் இருக்கிற சாமி, கடலோரம் இருக்கிற சாமி என்று நாலு திசைச் சாமிக்கும் விரல் காணிக்கை கொடுத்தார்கள். தரை ரத்தத்தை நாங்கள் வாளி வாளியாகக் கழுவி ஊற்றினோம், முற்றத்துச் செம்பருத்தி அந்த மாசியில் தட்டளவு பெரிதாகப் பூத்தது.

அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டது செண்பகம்தான். பிசைந்து தின்ன முடியாதவர்களுக்குக் கரண்டி கொடுத்தாள், கரண்டி பிடிக்க முடியாதவர்களுக்குத் தானே ஊட்டினாள். கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்க்கும்போது நான் கேட்டேன்.

"எதுக்குட்டி குறிப்பு எழுதி வச்ச? வெறும் பூட்டா வச்சிருக்கலாம்லா."

"வெறும் பூட்டுன்னா ஒடச்சிருப்பாவ அக்கா. குறிப்பு இருந்தாத்தான் உக்காந்து யோசிப்பாவ." கரியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "பலவேசம் மாமாக்கு இன்னைக்கு எத்தன இருக்கு?"

"வலதுகைக் கட்டவிரல் மட்டும்."

"மத்தவியளுக்கு?"

"ஒண்ணும் இல்ல."

அவள் பாத்திரங்களைக் கவிழ்த்து அடுக்கினாள்.

பங்குனி பிறந்து உத்திரம் நெருங்கிய ஒரு காலையில் பெரியப்பா அந்தக் கட்டைவிரலோடு வந்து உட்கார்ந்தார். கணபதி முழங்கையில் தாங்கி நாற்காலியை இழுத்துப் போட்டான். தெரு ஆண்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள், வெள்ளைத் துணி சுற்றிய கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பெரியப்பா யோசித்தார், வெகுநேரம் யோசித்தார், கடைசியில் தன் அப்பன் பேரை அடித்தார், அவரும் செத்துச் சாமியானவர்தானே. சத்தம் கேட்டது. அவர் அலறவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நெற்றியை மேசையில் வைத்துவிட்டார்.

அப்போது செண்பகம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "எந்திரிங்க மாமா," என்றாள். அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்து, பத்து விரலையும் ஒரு தடவை மடக்கி நீட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

"வ. ள். ளி. ம. யி. ல்."

அந்தப் பேர் அந்தத் தெருவில் கேட்டு எத்தனை காலம். கதவருகில் நின்ற பெரியம்மா முன்பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டாள். கொம்பையா என்னைப் பார்த்தார், நான் பார்வையைத் திருப்பவில்லை. நம்ம சாமி யார் என்பதில் எங்கள் பெண்களில் ஒருத்திக்கும் சந்தேகம் இருந்ததில்லை, ஒவ்வொரு வெள்ளியும் அடுப்புக்கு முன்னால் மனசுக்குள் அவளுக்குத்தான் விளக்கு. அந்தக் குறிப்பைப் படித்த எந்தப் பெண்ணும் ஒரே தடவையில் திறந்திருப்பாள். ஆண்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. நாலு திசைச் சாமியும் ஞாபகம் வந்தவர்களுக்குத் தாங்கள் வெட்டிய சாமி ஞாபகம் வரவில்லை.

திரை திறந்தது. சுபாஷிணியின் விலாசம் வீட்டு எண்ணோடு இருந்தது, வாசலில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோவும் இருந்தது.

"இந்தா, படிச்சிக்கிடுங்க," என்றாள் செண்பகம். "போவணும்னா போங்க."

போனார்கள். அதுதான் அவர்கள் புத்தி. யாருக்கும் ஸ்டியரிங் பிடிக்க முடியாததால் வேனை விட்டுவிட்டு, நடந்தே, கொதிக்கிற தார்ச்சாலையில், கட்டுப் போட்ட கைகளோடு ஊர்வலமாகச் சாஸ்தா கோயிலுக்குப் போனார்கள், அரிவாள் எடுக்க. நாங்களும் பின்னாலேயே போனோம். சுபாஷிணியைப் பெற்றவள் அவர்களைச் சபித்து மண்ணை வாரித் தூற்றிக்கொண்டே வந்தாள்.

முதலில் கணபதி குனிந்து அரிவாளைப் பிடித்தான். பிடிக்க ஒன்றுமில்லை, பிடி உள்ளங்கையில் வழுக்கி விழுந்தது. அடுத்தவன் எடுத்தான், விழுந்தது. என் வீட்டுக்காரர் குனியவே இல்லை, ஒதுங்கிப் போய் வாழைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒருவன் மணிக்கட்டால் அணைத்துத் தூக்கிப் பார்த்தான், அரிவாள் திரும்பி அவன் முழங்காலைக் கிழித்தது. மண்ணெல்லாம் ரத்தம், எல்லாம் அவர்கள் ரத்தம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கொல்லைப்புறத்தில் செண்பகம் எதை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று.

கடைசியாகப் பலவேசம் பெரியப்பா வந்தார். தன் மகளை வெட்டிய அதே அரிவாளை, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடியை வைத்து அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். நெஞ்சு உயரம்வரை வந்தது. அவர் தோள் நடுங்கியது, கட்டு நனைந்து சொட்டியது, அரிவாள் நழுவி மண்ணில் விழுந்தது. கைகள் மட்டும் அப்படியே நின்றன, உள்ளங்கையும் உள்ளங்கையும் சேர்ந்து, நெஞ்சுக்கு நேராக, வாழைத்தோப்பைப் பார்த்து.

அவர் கையைப் பிரிக்கப் போனார்.

"அப்படியே நில்லுங்க மாமா," என்றாள் செண்பகம். "கும்புட வந்தவிய கும்புட்டுட்டே போங்க."